கை படாத மின்கலம்

"என்ரை ஆய்வுகூடத்திலை யோசிக்கிறதும் இயந்திரம், செய்யிறதும் இயந்திரம். மனிசக் கை பட்டதெண்டு ஒருத்தன் காட்டட்டும், அண்டைக்கே பூட்டிப்போட்டு வெங்காயம் நடுறன்" என்று வட்டுக்கோட்டையில் நடந்த திறப்பு விழாவில் சுபாஸ்கரன் முழங்கினார். சபையோர் கைகளால்தான் தட்டினார்கள். அவர் அதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்.

உப்பிலுள்ள சோடியத்தைக் கொண்டு மலிவான மின்கலம் செய்வதே அங்கே வேலை. எதை எதோடு எவ்வளவு கலக்கலாம் என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லும். இயந்திரக் கை அதைக் கலந்து, பொத்தானளவு மின்கலமாக்கி, மின்னேற்றிப் பார்க்கும். சரிவராவிட்டால் கணினி அதிலிருந்தே படித்துக்கொண்டு அடுத்த கலவையைச் சொல்லும். அப்படியானால் சுபாஸ்கரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் பண்பில்லாதவர்கள். அவர் பணிப்பாளர்.

போத்தல் கழுவ உதயகலா என்றொரு பெண் இருந்தாள். இயந்திரங்களை வாங்கித் தந்த ரொறன்ரோ சங்கத்தின் தலைவர் சிவசுப்பிரமணியம் காணொளியில் பார்வையிடப் போகிறார் என்று தெரிந்ததும் பணிப்பாளர் அவளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர் கெட்டிக்காரி. ஆனா உமக்குக் கை இருக்கு."

"ஓம் சேர். பிறக்கேக்கையே ரண்டு."

"அதுதான் பிரச்சினை. நாளைக்கு வரவேண்டாம்."

அவளுடைய பிள்ளைகள் இந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அன்று சரஸ்வதி பூசை. ஆகவே மோதகம் ஒன்று கொடுத்தனுப்பினார்.

அதே பக்தியோடு இயந்திரக் கைக்கும் பொட்டு வைத்தார். அதற்கு நெற்றி இல்லை, கமராக் கண் மட்டுமே உண்டு. சந்தனம் கண்ணிலேயே காய்ந்தது. மறுநாள் விபூதி படிந்த சால்வையால் அதை அழுத்தித் தேய்த்தார். கண்ணாடி கீறுப்பட்டது. அதன்பின் அந்தக் கை போத்தலுக்குள் ஊற்றவேண்டியதை மேசையில் ஊற்றத் தொடங்கியது.

காணொளிக்கோ கொஞ்ச நேரந்தான் இருந்தது. சங்கம் திருப்திப்படாவிட்டால் இயந்திரங்கள் பெட்டி கட்டிக் கிளிநொச்சியிலுள்ள இன்னோர் ஆய்வுகூடத்துக்குப் போய்விடும். பணிப்பாளர் என்ற பலகையும் கழன்றுவிடும். அவர் உதயகலாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போமன்."

"ஏலாது சேர், கைவேலையா நிக்கிறன்" என்று அவள் தொடர்பைத் துண்டித்தாள்.

இயந்திரக் கையில் ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் மூட்டுகள் இளகி, தள்ளும் பக்கமெல்லாம் கை அசையும். பணிப்பாளர் அதை அழுத்தினார். இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியையும் தொங்கவிட்டார்.

சிவசுப்பிரமணியம் திரையில் தோன்றினார். "சுபாஸ்கரன், உங்களைக் காணேல்லை?"

"மற்ற அறையிலை நிக்கிறன் அண்ணை. ஆக்கள் கிட்ட நிண்டா அதுக்குப் பிடிக்காது."

"அப்பிடியே மனிசன் மாதிரி அசையுது."

"சீச்சீ, மனிசனுக்கு இந்த நிதானம் வராது அண்ணை" என்ற பணிப்பாளர், துணிக்குப் பின்னால் முழந்தாளில் நின்றபடி, இயந்திரத்தின் முழங்கையைப் பிடித்து அடுத்த போத்தலுக்குத் தள்ளினார்.