அக்காவின் பத்தியம்

அக்காவின் முழங்கையில் மஞ்சள் நிறத்தில் முதல் கட்டி வந்தபோது, ஏதோ மரு என்றார் அப்பா. பிறகு முழங்காலிலும் குதிகாலுக்கு மேலேயும் வந்தன. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்ய, எங்கள் மலேசியக் கிள்ளான் ஊர் வெயிலிலும் அவள் நீளக் கைச் சட்டை போட ஆரம்பித்தாள்.

கிளினிக்கில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கொழுப்பு கண்டபடி ஏறியிருக்கிறது என்றார்கள். அன்று மாலையே அத்தை வந்துவிட்டார்.

"பிள்ளைக்கு என்னதான் ஆக்கிப் போடுறீங்க அண்ணி? தினம் தேங்காய்ப்பாலும் பொரிச்சதும் குடுத்தா இப்படித்தான்லா ஆகும்."

அப்பா வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அவருடைய மௌனம்தான் தீர்ப்பு.

அதன்பின் அம்மா எண்ணெயை ஒழித்தார். முட்டை போனது. ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பாலில் வடிக்கும் நாசி லெமாக் சோறு போனது. வெறும் கீரையையும் வேகவைத்த மீனையும் அக்கா முகம் சுளிக்காமல் தின்றாள், நான்தான் அழுதேன். அத்தை வரும்போதெல்லாம் சட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கட்டிகள் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தன.

பள்ளி விளையாட்டுப் போட்டியன்று ஓட்டத்தின் நடுவில் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திடலில் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னதை அப்பா நம்பவே இல்லை.

இளம் பெண் டாக்டர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, தாளில் ஒரு வட்டம் வரைந்தார். உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் இப்படி ஒரு தோல் உண்டு. ரத்தத்தில் போகும் கொழுப்பை அதன்மேல் உள்ள கைகள் பிடிக்கும். பிடித்ததும் தோல் உள்வாங்கி, ஒரு சின்னப் பையாக மூடி, கொழுப்பை உள்ளே கொண்டுபோகும் என்றார்.

"உங்க மகளோட செல்லுல அந்தக் கை இல்ல அங்கிள். கொழுப்பு உள்ள போக வழியில்லாம ரத்தத்துலயே நின்னு இதயக் குழாய அடைக்குது. இந்தக் குறை அம்மா கிட்ட இருந்து பாதி, உங்க கிட்ட இருந்து பாதி வந்திருக்கு. நீங்க சொந்தத்துலயா கல்யாணம் பண்ணீங்க?"

அம்மா அப்பாவின் சொந்த மாமன் மகள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"சமையல்ல ஒரு தப்பும் இல்ல ஆன்டி," என்றார் டாக்டர்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. இனி அத்தையால் ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனால் அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாப் பாருங்க டாக்டர். நான் ஒளிச்சு வெச்சுக்கூட நெய் குடுத்திருக்கேன். என் சமையலாத்தான் இருக்கும்."

"இல்ல ஆன்டி."

"அப்ப பத்தியத்த இன்னும் இறுக்கினா?"

டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்தார். மருந்து கொடுத்தார்கள், கையே இல்லாத செல்லில் அது பெரிதாக வேலை செய்யவில்லை. அடுத்த தீபாவளிக்கு அக்கா இல்லை. எனக்குப் பாதிதான் வந்திருந்தது. தினம் ஒரு மாத்திரையோடு இருக்கிறேன்.

குற்றம் இல்லை என்று விடுவித்த பிறகும், அதைத் தன் தலையிலேயே போடச் சொல்லி அம்மா ஏன் அப்படிக் கெஞ்சினார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. சமையல்தான் காரணம் என்றால், அவரால் அதை மாற்றியிருக்க முடியும்.