சுறா எண்ணெய்ப் பக்குவம்

சிலுவைக்குக் கடல் ஆகாது. அப்பனையும் அண்ணனையும் ஒரே காற்றில் அது வாங்கிக்கொண்டது. கல்யாணத்தன்றே அல்போன்சா அவனை மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தி, இனி வள்ளத்தில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டாள். அதனால்தான் புன்னைக்காயலை விட்டுத் தூத்துக்குடிக்கு வந்து டிரைவர் வேலை பழகினான். கருப்பட்டி வியாபாரி தாணுலிங்கம் அண்ணாச்சியின் சின்ன லாரி அவன் கைக்கு வந்தது.

"வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ எனக்கு ஆளு இல்லலே" என்று சேர்ந்த அன்றே அண்ணாச்சி சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிற மனிதர் அல்ல.

நாற்பத்து மூன்றாம் வருஷம், சண்டைக்காலம். எஞ்சின் எண்ணெய் காசு கொடுத்தாலும் கிடைக்காது. வண்டியில் கிடந்ததோ கீல் மாதிரி கறுத்துப்போயிருந்தது.

"எண்ணெய் மாத்தணும் அண்ணாச்சி. பில்டரும் அடைச்சிக் கெடக்கு."

"புது எண்ணெய்க்கு நான் எங்கலே போவேன்? பழசையே சுத்தம் பண்ணி ஊத்து. நாளைக்கு விடிஞ்சதும் ஆழ்வார்திருநகரிக்கு லோடு இருக்கு."

சிலுவை வண்டிக்கடியில் படுத்து அடித்திருகைக் கழற்றி, எண்ணெயைத் தகரத்தில் இறக்கினான். பில்டருக்குள் இருந்த துணிச்சுருளை மண்ணெண்ணெயில் அலசிக் காயப்போட்டான். எண்ணெய் சுத்தம் பண்ண அவனுக்கா தெரியாது? ஊரில் சுறா எண்ணெயை இளஞ்சூட்டில் காய்ச்சி, இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டு, மூன்று நாள் அசைக்காமல் வைப்பார்கள். கசடெல்லாம் அடியில் தங்கிவிடும். அதையே செய்தான். மூன்று நாள்தான் அவனிடம் இல்லை. மேலாக மொண்டு, வேட்டித்துணியில் வடித்து எஞ்சினில் ஊற்றினான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எஞ்சினுக்கும் அதே பக்குவம் பார்த்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி பக்கத்தில் ஏறிக்கொண்டார். பழையகாயல் தாண்டும்வரை குறையில்லை. அப்புறம் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எஞ்சினுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல ஒரு சத்தம்.

"என்னலே அது?"

"ரோடு சரியில்ல அண்ணாச்சி."

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், பாவி. நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டுமே! அந்தப் பயத்தில் இன்னும் இரண்டு மைல் ஓட்டினான். முள் பூஜ்யத்தில் படுத்தது. தட்டல் இடியாகி, ஒரே உலுக்கில் எஞ்சின் இறுகி நின்றது.

அளவுக்கம்பியை உருவி எண்ணெயை விரலில் தேய்த்தான். நெறுநெறுத்தது. நாக்கில் வைத்தான், கரித்தது.

"என்னத்தலே போட்ட?"

"உப்பு, அண்ணாச்சி. சுறா எண்ணெய்க்கு எங்க ஊர்ல..."

அண்ணாச்சி திட்டியிருந்தால்கூடத் தேவலை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சாவியக் குடு" என்றார்.

இரண்டு மாதம் தூத்துக்குடி முழுக்க அலைந்தான். அவன் போவதற்கு முன்பே அந்தக் கதை எல்லா ஷெட்டுக்கும் போயிருந்தது. யாரும் வண்டி கொடுக்கவில்லை. வீட்டில் அரிசிப்பானை காலியான அன்று, பங்காளி விக்டர் தன் வள்ளத்துக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பினான்.

"போவட்டா?" என்று சிலுவை கேட்டான்.

அல்போன்சா சத்தியத்தைப் பற்றிப் பேசவேயில்லை. பிள்ளைகளைப் பார்த்தாள்.

காற்று ஏறிக்கொண்டிருந்தது. அவன் தெருமுனையைத் தாண்டும்போது அவளுக்குப் பேர் சொல்லிக் கத்தவேண்டும் போலிருந்தது. கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.