பார்பரா நாளில் வெட்டிய கிளை

கோட்டை முற்றத்துக் கிறிஸ்துமஸ் சந்தையில் பதினாறு வருடமாகச் சூடான வைன் விற்கும் வால்புர்காவுக்கு இந்த டிசம்பரில் இருப்புக் கொள்ளவில்லை. எல்லாம் பக்கத்துக் கடையில் கஷ்கொட்டை வறுக்கும் ஓட்மாரால் வந்த வினை. டிசம்பர் நான்காம் தேதி, புனித பார்பரா நாளன்று, ஒரு செர்ரிக் கிளையை வெட்டிக்கொண்டு வந்து நீட்டினான்.

"கிறிஸ்துமஸுக்குள்ள இது பூத்தா நாம கல்யாணம் பண்ணிக்கலாம். பூக்கலேன்னா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

ஐம்பத்தேழு வயதில் இது என்ன கூத்து என்று சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். வைன் குவளையில் தண்ணீர் ஊற்றிக் கிளையைச் செருகி, அண்டாவின் சூட்டருகே வைத்தாள். மொட்டு கொஞ்சம் பருத்தாற்போல் தெரிந்தாலே, பூத்துவிடுமோ என்று தூக்கிக்கொண்டு போய்ப் பனியில் வைப்பாள். கால் மணி நேரம் தாங்காது. ஐயோ, கருகிவிடுமே என்று மறுபடி உள்ளே கொண்டுவருவாள். இந்த அலைச்சலில் ஒருநாள் வைன் கொதித்தே போனது.

"என்னம்மா, போதையெல்லாம் ஆவியாப் போச்சே! இதுக்கு வீட்லயே டீ குடிச்சிருப்பேன்" என்றான் கோட்டைக் காவலாளி.

"இஷ்டமிருந்தா குடி, இல்லேன்னா நடையைக் கட்டு!"

இருபத்து மூன்றாம் தேதி, சந்தையின் கடைசி நாள். கிளை முழுக்க மொட்டுகள். ஒரு பூகூட இல்லை. ஓட்மார் எட்டிப் பார்த்தான். திரும்பிப் போய் அடுப்புக் கரியின்மேல் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினான்.

குவளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் வால்புர்கா.

"யோவ், இன்னும் ஒரு நாள் இருக்குல்ல? அதுக்குள்ள அடுப்பை ஏன்யா அணைக்கிற?"