தண்ணீர் எடுக்கப் போனவன்

அந்த வட்டாரத்தில் அவளை எல்லோரும் ரத்தக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரைக்காரர்கள், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் என்று வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவந்து சேர்ப்பாள். கை அவ்வளவு பூ. "குத்திட்டீங்களா இல்லையா?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்பவர்களிடம், "குத்தி முடிச்சு நான் வீட்டுக்கே போயிட்டேன்" என்பாள். சின்னப் பிள்ளைகள் மட்டும் தெருமுனையில் அவள் காரைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும்.

கார் அவள் புருஷனுடையது. அவன் பெயிண்ட் கம்பெனி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் அந்தக் கார் பானெட்டைத் தூக்கியபடி நின்றது. சாவி அதிலேயே இருந்தது. முன் சீட்டில் அவனுடைய சீப்பு கிடந்தது. டிக்கியில் எப்போதும் இருக்கும் தண்ணீர் கேன் மட்டும் இல்லை. அவனும் இல்லை.

"வண்டி கொதிச்சிருக்கு. தண்ணி எடுக்கப் போயிருக்கான்." அன்று சாயங்காலம் வீட்டில் இதுதான் பேச்சு. போலீஸ் வந்தது. பக்கத்துக் கிணறுகளில் ஆள் இறங்கிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. யார் விசாரித்தாலும் மாமியார் அதே வார்த்தையைத்தான் சொல்வாள்: "தண்ணி எடுக்கப் போனான்." ஏதோ இப்போதுதான் திண்ணையிலிருந்து எழுந்து போனவனைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

செத்தான் என்று வாய்விட்டு அழவும் வழியில்லை, ஓடிப்போனான் என்று வயிறெரிந்து திட்டவும் வழியில்லை. அவள் மனசுக்குள் அவன் நடந்துகொண்டே இருந்தான். கேனின் கனத்தில் ஒரு தோள் சரிந்திருக்கும். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி காரை நோக்கி வந்துகொண்டே இருப்பான், வந்து சேரவே மாட்டான். காரை நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் அவள் இறங்க மாட்டாள். சூடு தணியும்போது உள்ளே இரும்பு சொடுக்குப் போடும். அது அடங்கும்வரை உட்கார்ந்திருப்பாள். அதற்குள் பின்னால் டிக்கி திறக்கும் சத்தம் கேட்டுவிடும் என்று காது அதுபாட்டுக்குக் காத்திருக்கும். சாலையோரக் குழாயடியில் எவனாவது குனிந்து நின்றால் கால் தானாக பிரேக்குக்குப் போகும். முகத்தைப் பார்த்த பிறகுதான் வண்டி நகரும்.

இப்படி இருக்கும்போதுதான் காருக்கு அடியில் ஒருநாள் காலை பச்சையாய் ஈரம் தெரிந்தது. விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது, ஒரு மாதிரி இனிப்பு வாடை. ரேடியேட்டர் ஒழுகுகிறது.

"வெறும் தண்ணிய ஊத்தி ஊத்தி ஓட்டு" என்றாள் மாமியார். "இல்லாட்டி மேலோட்டமா எதையாவது ஒட்டச் சொல்லு. கழட்டி கிழட்டி வைக்காதே. அவன் வண்டி, இருக்கிறபடி இருக்கட்டும்."

அவளுக்கும் அதுதான் சம்மதம். ரேடியேட்டர் மூடியைக் கடைசியாகத் திறந்தது அவன் கை என்றுதான் அவள் நம்பியிருந்தாள். அதைக் கழற்றி எறிய மனசு வரவில்லை. தினமும் காலையில் ஒரு கேன் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள்.

கொஞ்ச நாள் ஓடியது. ஒரு காலை, ஐஸ் பெட்டி நிறைய ரத்தக் குப்பிகளோடு பரிசோதனைக்கூடத்துக்குத் திரும்பும்போது வெப்பமுள் சரசரவென்று சிவப்புக்கு ஏறியது. ஓரங்கட்டினாள். பானெட்டைத் தூக்கினாள். புகை முகத்தில் அடித்தது. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்திருந்தது. கூப்பிடு தூரத்தில் ஒரு குழாய் இருந்தது. காலிக் கேனை எடுத்துக்கொண்டு ரெண்டு எட்டு வைத்தாள்.

அதற்குமேல் கால் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் கார், திறந்த கதவு, உள்ளே தொங்கும் சாவி. எட்டு வருஷமாக அவள் தினம் தினம் கற்பனை செய்து பார்த்த அதே காட்சி. இங்கிருந்து அந்தக் குழாய்வரை போனால் தானும் திரும்பமாட்டோம் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன, உடம்பு கேட்கவில்லை. காரின் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வழியாக வந்த பால்வண்டிக்காரர் நிறுத்தி, "என்னம்மா, மயக்கமா?" என்று கேட்டு, கேனை வாங்கிக்கொண்டு போனார். அவர் முதுகு குழாயடி வரைக்கும் போய்த் திரும்பும்வரை அவள் கண் கொட்டவில்லை. தண்ணீரோடு வந்தவரைப் பார்த்ததும் பொலபொலவென்று அழுதுவிட்டாள். பாவம், மனுஷர் பதறிப்போய்விட்டார்.

அன்று மத்தியானமே காரை ரேடியேட்டர் பட்டறையில் கொண்டுபோய் விட்டாள். பட்டறைக்காரர் வாயாடி. காருக்குள் தலையை விட்டுக்கொண்டு அதனோடேயே பேசுவார். கழற்றி எடுத்து, குழாய் வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்தார். பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியும் அலுமினியத் தகடும் சேருகிற இடத்திலிருந்து குமிழ் குமிழாய் வந்தது.

"பாருங்கம்மா, மூச்சு விடுது. பிளாஸ்டிக் வெடிச்சிருக்கு. பசை வச்சு ஒட்டித் தரலாம். ஆனா இது சூட்டுல விரியும், ஆறினா சுருங்கும். எத்தனை நாள் தாங்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. மாத்திட்டா நிம்மதி."

"ஒட்டியே குடுங்கண்ணா" என்றாள்.

"ஏம்மா, பார்ட்ஸ் கிடைக்காத வண்டியா இது? புதுசே கிடைக்கும்."

"அது வேணாம். இது அப்பவே ஒருதரம் ஒழுகினதுதான். அப்புறம் இத்தனை வருஷம் தாங்கலையா?"

பட்டறைக்காரர் ரேடியேட்டரை வெளிச்சத்தில் புரட்டினார். "இதா? இதுல யாரும் கைவச்சதே இல்லையேம்மா. நான்தான் இன்னிக்கு முதமுதல்ல கழட்டறேன். இதோ, கம்பெனியில முறுக்கினப்ப போல்ட்டு மேல இழுத்த மஞ்சக் கோடு, அப்படியே ஒட்டி நிக்குது பாருங்க. ஹோஸ் குழாய்கூட அதே பழசுதான். எப்ப ஒழுகிச்சு?"

"எட்டு வருஷம் இருக்கும். நடுரோட்டுல கொதிச்சு நின்னுடுச்சு."

"அப்ப யார் சரி பண்ணினது?"

அவள் வாயைத் திறந்தாள். யாரும் சரி பண்ணவில்லை. அவனுடைய கம்பெனி நண்பர் ஒருவர் போய்க் காரை வீட்டுக்கு ஓட்டிவந்தார். கொஞ்ச நாள் வாசலில் நின்றது. பிறகு அவள் ஓட்டப் பழகினாள். இந்த மாதம்வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. இவ்வளவும் அவளுக்குத் தெரிந்த விஷயங்கள்தான். ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை.

அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பட்டறைக்காரர் சுதாரித்தார். அந்தக் கதை ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? "மூடி சரியா மூடாம விட்டிருப்பாங்கம்மா" என்றார் அவசரமாக. "மூடி லூசா இருந்தாலும் தண்ணி ஆவியாப் போகும். கொதிக்கும். நடக்கறதுதான்." சொல்லிவிட்டுத் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "நாளைக்குச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல."

வீட்டுக்குப் போகும்போது மாமியார் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருமகள் நடந்து வருவதைப் பார்த்து, "வண்டி எங்கே?" என்றாள்.

"பட்டறையில. ரேடியேட்டரைக் கழட்டிப் போட்டிருக்கார்."

மாமியாரின் கை நின்றது. பாதி மடித்த துண்டு மடியிலேயே கிடந்தது.

"அத்தை, அன்னிக்கு வண்டியக் கொண்டுவந்தாரே அவங்க நண்பர், அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

அடுத்த வீட்டில் யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. நிரம்பி வழிந்தது, மூடினார்கள்.

"ரேடியேட்டர்ல தண்ணி ததும்ப இருந்துச்சும்மான்னான்" என்றாள் மாமியார். "எஞ்சின்ல ஒரு குறையும் இல்ல, சாவியத் திருப்பினதும் கிளம்பிடுச்சுன்னான். வாசல்ல நின்னே சொன்னான். நீ உள்ள அழுதுட்டிருந்தே. இதை என் மருமக காதுல போடாதேன்னு நான்தான் அவன்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா?" கிழவி மடியில் கிடந்த துண்டைத் தள்ளிவிட்டாள். "விட்டுட்டுப் போயிட்டான்னு தெரிஞ்சா நீ இங்க எதுக்கு இருப்பே? உங்க அம்மா வீட்டுக்குப் போயிருப்பே. தண்ணி எடுக்கப் போனவன் வருவான்னாத்தானே நீ இருப்பே. எனக்கு வேற யாரு இருக்கா? பெத்த பிள்ளை போயிட்டான். நீயும் போயிட்டா?"

அவளுக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வந்தது, ஆனால் மாமியார்மேல் வரவில்லை. பானெட்டைப் பற்றித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஓடுகிறவன் காரைப் பூட்டிவிட்டுப் பேசாமல் பஸ் ஏறியிருக்கலாம். சாலையில் நின்று பானெட்டைத் தூக்கி, கம்பியை எடுத்து முட்டுக்கொடுத்து, டிக்கியைத் திறந்து கேனையும் கையில் எடுத்துக்கொண்டு போனானே, அது யாருக்காக? அவளை நினைத்துத்தான் செய்திருக்கிறான். அவள் என்ன நம்புவாள், எவ்வளவு நாள் நம்புவாள் என்று அந்த வெயிலில் நின்று யோசித்திருக்கிறான். வெறுத்துப் போனவன் செய்கிற காரியமா அது, இரக்கப்பட்டவன் செய்கிற காரியமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை பட்டறைக்காரர் சொன்னதுபோல மூடிதான் லூசாக இருந்ததோ, நண்பர்தான் வழியில் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சொல்ல மறந்தாரோ? அந்த நண்பரும் செத்து மூன்று வருஷமாகிவிட்டது. கேட்க ஆளில்லை.

படுத்துக் கண்ணை மூடினாள். அவன் நடந்துகொண்டுதான் இருந்தான், அதே வெயிலில், அதே சரிந்த தோளோடு. ஆனால் இந்தமுறை தெரிந்தது முதுகு.

காலையில் மாமியார் அடுப்படிப் பக்கமே வரவில்லை. தன் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மருமகள் டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தாள். "ஆறிடும், குடிங்க. நான் மத்தியானம் வந்துடுவேன்" என்றாள். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாததால் அது தீர்ந்தது என்றும் இல்லை. அன்றிலிருந்து சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது, மாமியார் அடிக்கடி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்ப்பாள். எங்கே கிளம்பிவிடுவாளோ என்று பார்க்கிற பார்வை. அவள் கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

பட்டறைக்குப் போய், "மாத்திடுங்கண்ணா. ஹோஸ், மூடி எல்லாத்தையும் சேர்த்து" என்றாள்.

"பழசை எடுத்துட்டுப் போறீங்களா?"

"வேணாம்."

அவர் புதிய ரேடியேட்டரை மாட்டி, கூலன்ட் ஊற்றி, எஞ்சினை வெகுநேரம் ஓடவிட்டுக் காட்டினார். முள் பாதியில் போய் நின்றது, அசையவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு புது வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போனாள். அவளுக்கு அம்மா வயதில் ஒரு பெண்மணி. நரம்பு தேடும்போது பயத்தை மறைக்க ஓயாமல் பேசினார். எந்தப் பக்கம், எத்தனை வருஷ சர்வீஸ், பிள்ளைகள் உண்டா, வீட்டுக்காரர் என்ன பண்றார்?

அவள் ரப்பர் பட்டையை இறுக்கினாள். "அவர் போயிட்டார்" என்றாள்.

அந்த வார்த்தையை முதன்முதலாகச் சொல்கிறாள். பெண்மணி அதைத் தனக்குத் தெரிந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார். பேச்சு நின்றுவிட்டது. "அய்யோ, கண்ணு" என்று இன்னொரு கையால் அவள் முழங்கையைத் தொட்டார். அவள் திருத்தவில்லை. குப்பியில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஊசியை உருவி, பஞ்சை வைத்து, "கொஞ்ச நேரம் கையை மடக்கிப் பிடிச்சுக்குங்க" என்றாள். தன் குரல் எங்கோ தள்ளி நின்று பேசுவதுபோல அவளுக்குக் கேட்டது.