ஜெரூஷா டீச்சர் கொடுத்த நம்பர்

சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜெரூஷா மூன்றாம் வகுப்பு டீச்சர். பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளை அடிக்க மாட்டாள். பக்கத்தில் கூப்பிட்டு, "கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்பாள். அதற்கே பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவள்தான், கல்யாணமான இரண்டாம் மாதம், ஒரு பெரிய மனிதரின் கண்ணைப் பார்த்துக் கூசாமல் பொய் சொன்னாள். கூசாமல் என்பது தப்பு. நன்றாகவே கூசியது. ஆனாலும் சொன்னாள்.

காரணம் அவள் புருஷன் ஜோனத்தான். மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. ஆள் தங்கம்தான், ஆனால் வாடகை வீட்டு விஷயத்தில் மட்டும் பெயர் கெட்டவன். படப்பையில் நாலு சிநேகிதர்களோடு இருந்த வீட்டை, அவர்கள் போட்ட கூச்சலில் ஓனர் காலி பண்ண வைத்தார். அடுத்தது பெருங்களத்தூரில் லோகநாயகி என்ற அம்மாளின் மாடியறை. அங்கே இருந்தபோது பழைய கம்பெனியில் வேலை போனது. யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல், ஒரு விடியற்காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு மதுரையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். அட்வான்ஸ் இருக்கிறது, கழித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். பூட்டை உடைத்துத்தான் திறந்தார்களாம். அப்புறம் அந்தப் பக்கம் அவன் தலைவைத்துப் படுக்கவில்லை.

வீடு பார்க்கப் போன இரண்டு இடத்தில் இதை மறைக்காமல் சொன்னான். இரண்டும் கை நழுவிப் போயின.

மூன்றாவது வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில். கீழே ஓனர் சத்யநாராயணன், ரிட்டயரான பேங்க்காரர். அவர் மனைவி அபிதகுஜாம்பாள், தெருவுக்கே அபிதா மாமி. "மீன் சமைச்சுக்கோங்கோ, பின்ஜன்னலை மட்டும் திறந்து வெச்சுக்கோங்கோ" என்றாள் மாமி. இப்படி யார் சொல்வார்கள்? ஜெரூஷாவுக்கு அந்தச் சமையலறையை விட்டு வெளியே வரவே மனசில்லை.

"முன்னாடி இருந்த வீட்டு ஓனர் நம்பர் குடுங்கோம்மா, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார் சத்யநாராயணன்.

ஜோனத்தான் வாயைத் திறப்பதற்குள் ஜெரூஷா முந்திக்கொண்டாள். அவள் கொடுத்தது, பள்ளி ஆபீஸ் கிளார்க் தனத்தின் நம்பர். மறுநாள் தனம், ஜெரூஷா சொல்லிக்கொடுத்தபடி, பள்ளி ஆபீஸிலிருந்தே வீட்டு ஓனராகப் பேசி, "தங்கமான பையன் சார்" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டாள். சாவி கைக்கு வந்தது.

அன்றிலிருந்து ஜெரூஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை ஹோம்வொர்க் நோட்டைத் தொலைத்துவிட்டதாகப் புளுகியது. கண்ணைப் பார்த்துச் சொல் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை பால் காய்ச்சினார்கள். ஜோனத்தான் ஜெபம் செய்துவிட்டு, ஓனரோடு ஹாலில் உட்கார்ந்திருந்தான். சமையலறையில் ஜெரூஷாவும் மாமியும். பள்ளியில் ஸ்பெஷல் கிளாசுக்கு மணி அடித்தது. மணி என்று பெயர்தான். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை வாட்ச்மேன் இரும்புக் கம்பியால் அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு இந்த வட்டாரத்தில் ஜோடி கிடையாது.

மாமி பாலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்குப் போன்லயும் இதான் அடிச்சுது."

ஜெரூஷா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தார். அவருக்குக் காது மந்தம், கேக்கலை. எனக்குக் கேட்டுது. உன்னைப் பிடிச்சுப்போச்சு, வாயை மூடிண்டேன். நாப்பது வருஷத்துல அவர்கிட்ட மறைச்சது இது ஒண்ணுதான்டிம்மா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த அம்மாளையும் நம் பொய்யில் இழுத்துவிட்டோமே என்றிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு நேரே ஹாலுக்குப் போனாள்.

"சார், நான் குடுத்தது ஓனர் நம்பர் இல்ல."

"என்னம்மா? சத்தமாச் சொல்லு."

நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டியிருந்தது. தனம், படப்பை, பெருங்களத்தூர், உடைத்த பூட்டு, ஒன்றையும் விடவில்லை. மாமிக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை மாமியே பின்னால் வந்து நின்று சொன்னாள்.

சத்யநாராயணன் போனை எடுத்து, "நிஜ ஓனர் நம்பர்?" என்றார். ஜோனத்தான் லோகநாயகியின் நம்பரை மனப்பாடமாகச் சொன்னான். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, ஜோனத்தான்னு ஒரு பையன் உங்க மாடியில குடியிருந்தானாமே..."

"அந்தப் புள்ள உசுரோட கீறானா சார்?"

ஜோனத்தான் சட்டென்று எழுந்துவிட்டான்.

"வேல பூட்ச்சுன்னு மூஞ்சியே செத்துப்போயி இருந்தான் சார். கதவுலயே வெச்ச பூட்டு, உள்ள கீறானா வெளிய போய்க்கீறானான்னு தெரில. மூணு நாளு தட்டிக்கினே இருந்தேன். பூட்ட ஒடைக்கிறப்போ, உள்ள தொங்கினு கீறானோன்னு கை காலெல்லாம் ஒதறிப் பூட்ச்சு. நல்லா கீறானா?"

சத்யநாராயணன் போனை ஜோனத்தானிடம் நீட்டினார். அவன் வாங்கினான், அழுகைதான் வந்தது. இத்தனை நாளும் ஜெரூஷா பயந்ததெல்லாம் வீடு போய்விடுமே என்றுதான். பூட்டின கதவுக்கு வெளியே மூன்று நாள் நின்ற அந்த அம்மாளை அவள் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அது இப்போது தாங்க முடியவில்லை. வீட்டுச் சாவியை எடுத்து ஓனர் முன்னால் வைத்தாள்.

அவர் அதை அவள் பக்கமே தள்ளினார். "மொதல்ல பெருங்களத்தூர் போயிட்டு வாங்கோ."

போனில் அந்தக் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "அலோ... யாரு அது அழுவறது? தம்பி, நீயாப்பா?"