ஆசிரியர் தேர்வில் ஒரு கைப்பேசி

எங்கள் வட்டாரத்து ஆட்களையே பாலர் பள்ளி ஆசிரியர்களாகப் பயிற்றுவிக்கத் தேர்வு வைத்தோம். குழுவில் மூவர். குறிப்பெழுதியது நான். மற்ற இருவருக்கும் மேடையில் பேசத்தான் தெரியும். பிள்ளைகளுக்கு ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை.

பாயான் பாருவில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாகப் புது ஆட்களுக்கு வேலை பழக்கும் பெண் ஒருவர் வந்தார். அதை விட்டு வகுப்பறைக்குப் போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

"பாடம் நடத்துங்க," என்றார் தலைவர், கைப்பேசியைத் தடவியபடி.

"பிள்ளைங்க யாரும் இல்லையே, அண்ணே?"

"எங்களையே பிள்ளைங்கன்னு நெனச்சுக்குங்க லா."

"அப்ப மொதல்ல அந்த ஹேண்ட்ஃபோன உள்ள வைங்க."

அன்று வந்த ஒன்பது பேரில் ஆசிரியரைப் போலப் பேசியவர் அவர் மட்டுமே. மரியாதை போதாதென்று அவரை நீக்கினார்கள். வந்தவர்களில் எங்கள் வட்டாரக் கோயில் செயலாளரின் மருமகள் தேர்வானார். காரணத்தைப் பிழையில்லாமல் எழுதி, நானும் கையெழுத்திட்டேன்.