வலப்பக்கத்து ஸ்பிரிங் பட்டை

எனக்கும் என் சித்தப்பாவுக்கும் ஆகாது. அவர் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் லாரி பழுது பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளி இறுதித் தேர்வான சீனியர் கேம்பிரிட்ஜில் தேறிய அன்று அவர் சொன்னது: "சரி, இனிமே இதை யாரு கட்டிக்குவான்?" அதன் பிறகு நானாக அவரிடம் பேசியதில்லை. பேச வைத்தது எங்கள் லாரி.

அது சின்ன பிக்கப் லாரி. திங்கள் முதல் சனி வரை அப்பாவின் சோடா பாட்டில்களைச் செம்பவாங் கப்பல் தளத்துக் கேண்டீன்களுக்குக் கொண்டுபோகும். ஞாயிறு காலையில் அண்ணன் அதைக் கிராஞ்சிப் பக்கம் ஓட்டிப்போய், நேரான சாலையில் கால் மைல் பந்தயம் விடுவான். ஒவ்வொரு வாரமும் அங்கே கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு சீனரின் லாரியிடம் தோற்றுத் திரும்புவான். எங்கள் லாரியின் என்ஜினில் குறையில்லை. கிளம்பும்போது பின்சக்கரம் குதித்துக் குதித்து வீணாகச் சுற்றும். அது தரையைப் பிடிப்பதற்குள் கோழி லாரி போய்விட்டிருக்கும்.

இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த பின் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்க வேண்டும் என்றார் சித்தப்பா. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இரும்புப் பட்டைகள் கூடுதலாகப் போட்டார். மறுநாள் லாரி குலுங்கிய குலுக்கலில் செம்பவாங் போய்ச் சேர்வதற்குள் நான்கு பெட்டி பாட்டில்கள் நொறுங்கிவிட்டன.

"பந்தயம் விடு, என்னமும் பண்ணு. இனிமே ஒரு பாட்டில் உடைஞ்சாலும் ஞாயித்துக்கிழமை சாவி கிடையாது" என்றார் அப்பா.

கூடுதல் பட்டைகளைக் கழற்றினார்கள். அண்ணன் என்னிடம் வந்தான். பிராஸ் பசா சாலைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் அமெரிக்க மோட்டார் பத்திரிகையை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்றான். வீட்டுக்கு வரும் கடிதங்களைத் தவிர அவன் என்னை எதையும் படிக்கச் சொன்னதில்லை. என் சொல்லுக்கு அந்த வீட்டில் ஒரு மதிப்பு வருமென்றால் அது இப்போதுதான் என்று எனக்குப் பட்டது.

பத்திரிகையில் ஒரு படம். பின்னாலிருந்து பார்த்த லாரி. ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கத்து ஸ்பிரிங்கில் மட்டும் ஒரு பட்டை கூடுதல். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஓட்டுநர் கனம் ஒரு பக்கம், அதை ஈடுகட்ட மறுபக்கம் பட்டை. எங்கள் லாரியில் ஓட்டுநர் வலது பக்கம். ஆகவே இடது பக்கத்தில் ஒரே ஒரு பட்டை போதும், பாட்டிலும் உடையாது என்றேன். படத்துக்குக் கீழே இரண்டு பத்தி இருந்தது. கடினமான சொற்கள். முழுக்கப் படித்துவிட்டதாகச் சொன்னேன்.

"படிச்ச பொண்ணு லாரிக்கு வைத்தியம் பாக்குது லா!" என்று சித்தப்பா பட்டறையில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார். "ஒத்தக் காலுக்கு மட்டும் செருப்பு போடுற மாதிரி இருக்கு."

"உங்க ரெண்டு கால் செருப்புல நாலு பெட்டி போச்சே, சித்தப்பா" என்றேன்.

அண்ணன் என் பக்கம் நின்றான். பட்டை இடது பக்கம் ஏறியது.

அந்த வாரம் பாட்டில் ஒன்றுகூட உடையவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடும் சித்தப்பாவோடும் நானும் கிராஞ்சிக்குப் போனேன். கொடி இறங்கியதும் எங்கள் லாரியின் வலது பின்சக்கரம் முன்பைவிட மோசமாகச் சுற்றிப் புகை கக்கியது. லாரி கோணலாக இழுத்துக்கொண்டு புல்லில் இறங்கியது. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வரும் வழியில் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்களன்று அகராதியை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பத்திகளையும் படித்தேன். லாரி பாய்ந்து கிளம்பும்போது என்ஜினின் முறுக்கு விசை இடது பின்சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது, வலதைத் தூக்குகிறது. அப்படித் தூக்கும் வலதைத் தரையில் அழுத்தவே அந்தப் பக்கம் கூடுதல் பட்டை. ஓட்டுநரின் கனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் ஓட்டுநர் இடது பக்கம் உட்காருகிறார், அதனால் எதிர்ப்பக்கம் வலதாக இருந்தது, அவ்வளவுதான். படத்தை மட்டும் பார்த்துவிட்டு நான் மேதை ஆகியிருந்தேன்.

பட்டறைக்குப் போய், அண்ணனும் இருக்கும்போதே, பட்டையை வலது பக்கம் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். சித்தப்பா கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டார். "நேத்து இடது, இன்னைக்கு வலது. நாளைக்குக் கூரை மேலயா? நான் தொட மாட்டேன்."

"தொட வேணாம். ஸ்பேனர் மட்டும் குடுங்க" என்றேன்.

அண்ணனிடம் முழுசாகப் படிக்காமல் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அவன் திட்டினான். திட்டிக்கொண்டே லாரிக்கு அடியில் படுத்தான். பத்தியை வரி வரியாகத் தமிழில் சொன்னேன், ஜாக்கைப் பிடித்தேன், போல்ட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்து கோப்பி குடித்தபடி வேடிக்கை பார்த்தார். எல்லாப் பாட்டில்களும் அந்த வாரமும் செம்பவாங்குக்கு முழுசாகப் போயின.

அடுத்த ஞாயிறு லாரி கோடு போட்டதுபோல் நேராகப் பாய்ந்தது. கோழி லாரி அரை லாரி நீளம் பின்னால் வந்தது. சாலையோரக் கடையில் எல்லோரும் கூடி நின்றபோது சீனர் மலாயில் கேட்டார், ஸ்பிரிங் வேலை யார் செய்தது என்று. சித்தப்பா தன் நெஞ்சைத் தொட்டார். "பொண்ணு ஏதோ உளறிக் கெடுத்து வெச்சது. நாந்தான் சரி பண்ணேன்" என்று எங்கள் ஆட்களிடம் தமிழில் சொன்னார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"இடது பக்கம்னு தப்பாச் சொன்னதும் நான்தான், வலது பக்கம்னு சரியாச் சொன்னதும் நான்தான்" என்றேன். அதையே சீனருக்கும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "தப்பை மட்டும் எனக்கு விட்டுட்டு மத்ததை நீங்க எடுத்துக்காதீங்க, சித்தப்பா. நீங்க அன்னைக்கு ஸ்பேனரைக் கீழ போட்டீங்க. அண்ணன் பாத்துக்கிட்டுதான் இருந்தான்."

"பொம்பளப் புள்ளைக்கு வாயைப் பாரு" என்றார் சித்தப்பா.

சீனர் அண்ணன் பக்கம் திரும்பி, உண்மையா என்று கேட்டார். அண்ணன் கோப்பிக் கோப்பையைப் பார்த்தபடி, ஆமென்று ஒரே ஒரு முறை தலையை ஆட்டினான். சித்தப்பா எழுந்து பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். எங்களோடு லாரியில் வந்தவர் அவர்; அங்கே பேருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவரைக் கூப்பிடும்படி அண்ணன் என்னிடம் சொன்னான். நான் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.